வாசலுக்கு வராத கடிதங்கள்

அத்தியாயம் 11

காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிட்டு முடிந்து, பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டார்கள். ஜெயலெட்சுமி மட்டும் போகவில்லை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, எரியாத விறகை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"வேணாம் புள்ள," என்றாள். காலையிலிருந்து இது நான்காவது தடவை. "வர்ற மிஸ்கிட்ட, தெரியாம எழுதிப் போட்டுட்டேன்னு சொல்லிரு. அதோட முடிஞ்சிரும்."

தர்ஷிகா தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"அப்பா வேலைய நெனச்சுப் பாத்தியா? அந்த முழங்கால வச்சுக்கிட்டு அவரு மலையில நின்னு மருந்தடிப்பாரா?"

"நான் அப்பா மேல எழுதலம்மா."

"நீ எழுதல. அவங்க எழுதிருவாங்க."

அம்மா சொல்வது பொய்யில்லை என்று தர்ஷிகாவுக்கும் தெரியும். அதனால்தான் பின்னலை இரண்டு தடவை அவிழ்த்து மறுபடி போட்டாள்.

ஆனைக்கல் தேயிலைத் தோட்டத்தின் கீழ்க்கணக்குப் பிரிவில் இரண்டு மாதமாக இதே பேச்சுத்தான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து தர்ஷிகாவுக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்தது. தேர்வு மார்ச் பதினெட்டாம் திகதி. கடிதம் அவள் கைக்கு வந்தது இருபத்தேழாம் திகதி. மாதத் தேயிலைத்தூள் வாங்க ஆபிசுக்குப் போன ஜெயலெட்சுமியிடம், தூள் பைக்கற்றோடு சேர்த்து அதையும் யாரோ நீட்டினார்கள். உறையின் மேல் உபதபாலகத்து முத்திரை பளிச்சென்று இருந்தது. மார்ச் நான்கு.

தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குத் தபால்காரர் வருவதில்லை. கீழ்க்கணக்கில் இருக்கிற அத்தனை குடும்பத்துக்கும் ஒரே விலாசம், தோட்டத்து ஆபிஸ். சந்தி உபதபாலகத்திலிருந்து ஆபிஸ் வரைக்கும் நாலு மைல் தபால் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் தோட்டத்துத் தொழிலாளி ஒருவர். அவர் பெயர் பொன்னையா. தர்ஷிகாவின் அப்பா.

அவள் மூன்று பக்கத்தில் முறைப்பாடு எழுதி, பஸ் ஏறி நுவரெலியாவுக்குப் போய், மாவட்ட அலுவலகம் ஒன்றில் கையோடு கொடுத்துவிட்டு வந்தாள். அதில் யாருடைய பெயரும் இல்லை. கடைசி வரியில் ஒரு கேள்வி மட்டும் இருந்தது: 'எனக்கு வரும் கடிதத்தை என் வாசலுக்குக் கொண்டுவர வேண்டியது யாருடைய கடமை?'

அந்தக் கேள்வியை விசாரிக்கத்தான் இன்றைக்கு அதிகாரி வருகிறார்.

பொன்னையா விடியும்போதே போய்விட்டார். முகம் மழித்து, கோயிலுக்குப் போகும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே போயிருந்தார். வாசலில் நின்று மகளை ஒரு பார்வை பார்த்தார். என்னவோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. சொல்லவில்லை.

ஆபிசுக்குப் போகும் ஏற்றத்தில் தர்ஷிகா கொஞ்சம் நின்றாள். எதிர் மலையில் தோட்டப் பள்ளிக்கூடம் தெரிந்தது. நாலாம் வகுப்புக்கு இன்னும் டீச்சர் இல்லை. போன வருடம் அதிபர் கேட்டுக்கொண்டதால் ஆறு மாதம் அவள் சும்மா போய்ப் படிப்பித்தாள். பிள்ளைகள் பயிற்சிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு 'டீச்சர், டீச்சர்' என்று மேசையைச் சுற்றிக்கொள்வார்கள். இப்போது பனிக்குள்ளிருந்து வாய்ப்பாடு சொல்லும் சத்தம் வந்தது. ஏழாம் வாய்ப்பாடு. நடுவில் எங்கேயோ பிழை விட்டு, திருத்த ஆளில்லாமல், அப்படியே சொல்லிக்கொண்டு போனார்கள்.

அந்தப் பிழையைத் திருத்துவதற்குத் தன் வாழ்க்கை முழுவதையும் கொடுக்கத் தயாராக அவள் இருந்தாள். அதற்கு ஒரு கடிதம் பதினைந்து நாளைக்கு முந்தி வந்திருந்தால் போதும்.

*

விசாரணை அதிகாரி ஷாமிலா வந்து சேரப் பதினொன்றரை ஆகிவிட்டது. வலப்பனைக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். கறுப்பு முக்காட்டின் மேல் மழைத்துளிகள் இருந்தன. ஆபிஸ் கதிரையில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தவர், முதலில் உபதபாலகப் பொறுப்பாளரிடம் சிங்களத்தில் கேட்டார். அவர் கொண்டுவந்த பதிவேட்டை விரித்துக் காட்டினார். மார்ச் நான்காம் திகதி, பதிவுத் தபால் ஒன்று, பெற்றுக்கொண்டவர் பொன்னையா.

"இவரு சொல்றது என்னண்டா," என்று ஷாமிலா தமிழில் சொன்னார், "தோட்டத்து ஆள் கையில குடுக்கிறதோட அவங்கட கடமை முடியுதாம். பெரிய கிளாக்கர் என்ன சொல்றீங்க?"

பெரிய கிளாக்கர் மதுசூதனன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மிஸ், தப்பால் குடுக்கிறது தோட்டத்து வேலையே இல்ல. வெள்ளைக்காரன் காலத்துலயிருந்து ஒரு உதவியா செஞ்சுக்கிட்டு வர்றோம். லயம் லயமா கொண்டு போக எனக்கு ஆள் தரல. அத நானும் கொம்பனிக்கு எழுதித்தான் இருக்கேன்."

"சரி. தபாலகம் ஆபிஸ் வரைக்கும்தான் எண்டு சொல்லுது. ஆபிஸ் உதவிதான் எண்டு சொல்லுது. அப்ப ஆபிஸ்லயிருந்து லயத்துக்கு யாரு?"

உபதபாலகப் பொறுப்பாளர் பதிவேட்டை மூடினார்.

மதுசூதனன் கதவுப் பக்கம் திரும்பினார். "மிஸ், இந்தக் கடிதம் எப்படிப் பிந்துச்சுன்னு பொன்னையாவே சொல்லிருவான். கேட்டுப் பாருங்க."

கதவோரம் கைகட்டி நின்ற பொன்னையா இரண்டு அடி முன்னால் வந்தார். மனப்பாடம் செய்ததை ஒப்புவிக்கிறவர் போலச் சொன்னார்.

"பிழை என்னோடதுதான் மிஸ். அன்னைக்கு அந்தக் கடுதாசி பையோட அடியில கெடந்திருச்சு. நான் பாக்கல. பொறவுதான் எடுத்துக் குடுத்தேன்."

"அப்பா!"

தர்ஷிகா எழுந்தே விட்டாள். பொன்னையா அவளைப் பார்க்கவில்லை.

"மிஸ், அது நடக்கவே நடக்காது. அப்பா தினமும் பையத் தலைகீழாக் கவுத்து, உதறிக் காட்டிட்டுத்தான் வீட்டுக்கு வருவாரு. இருபது வருசமா அப்படித்தான். பெரிய கிளாக்கர் சேரே பாத்திருக்காரு. சொல்லுங்க சேர்!"

மதுசூதனன் கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

"இருங்க தங்கச்சி," என்றார் ஷாமிலா. பொன்னையாவின் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்துக் கேட்டார். "எத்தனாம் திகதி எடுத்துக் குடுத்தீங்க?"

"அது... ஒரு இருபது நாள் கழிச்சு."

"இருபது நாளும் அதே பையிலதான் தபால் கொண்டு வந்தீங்க. ஒரு நாளும் கையில தட்டுப்படல்லையா?"

பொன்னையா கட்டியிருந்த கையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார்.

"யாராவது இப்படிச் சொல்லச் சொன்னாங்களா?"

"இல்ல மிஸ். யாரும் சொல்லல. யாராச்சும் ஒருத்தர் பிழைய ஏத்துக்கிட்டாத்தான் பாப்பாவுக்குக் கல்லூரிக்குக் கடிதம் குடுப்பீங்கன்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தர்ஷிகாவுக்கு அப்போதுதான் புரிந்தது. காலையில் வாசலில் நின்று அவர் சொல்லாமல் விட்டது இதுதான்.

"சரி, அத விடுவம்," என்றார் ஷாமிலா. "ஒரு கடிதம் வருது. எடுக்க ஆள் வரல்ல. அப்ப அத எங்க வைப்பாங்க?"

பொன்னையாவின் கண், தன்னை அறியாமல், மேசைக்குப் பின்னால் இருந்த இரும்பு அலுமாரிக்குப் போய்விட்டுத் திரும்பியது. ஷாமிலா அதைப் பார்த்துவிட்டார்.

"அலுமாரியத் திறங்க."

"தெறப்பு தொரைகிட்ட மிஸ்," என்றார் மதுசூதனன்.

"நான் இருக்கிறன். போய் வாங்கிட்டு வாங்க."

*

தோட்ட நிர்வாகி துரையிடமிருந்து திறப்புச் சாவி வந்து அலுமாரி திறந்தபோது, மத்தியானக் கொழுந்து நிறுக்கப் பெண்கள் பக்கத்து மடுவக் கொட்டகைக்கு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். ஆபிஸ் வாசலில் கூட்டத்தைக் கண்டதும் கூடையோடு வந்து யன்னல் பக்கம் நின்றார்கள். வீட்டில் இருக்கமுடியாமல் ஏறி வந்த ஜெயலெட்சுமியும் அவர்களுக்குள் நின்றாள்.

கீழ்த்தட்டில் சணல் கயிற்றால் கட்டிய மூன்று கட்டுகள். பழைய கணக்குப் புத்தகங்களுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தார்கள். மேலே இருந்த கட்டில் ஈரம் ஏறி, உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

ஷாமிலா கயிற்றை அவிழ்த்தார். ஒவ்வொன்றாக எடுத்து, பெயரையும் திகதியையும் சத்தமாக வாசித்தார். கூட வந்த எழுதுவினைஞர் குறித்துக்கொண்டார்.

"அழகம்மா. ஆஸ்பத்திரி கிளினிக் துண்டு. ரெண்டாயிரத்து இருபத்திரண்டு."

யன்னலுக்கு வெளியே ஒரு கூடை தரையில் விழுந்தது. "அது எங்கம்மா," என்றாள் ஒருத்தி. "அவங்க செத்து மூணு வருசமாச்சு."

ஷாமிலா கொஞ்சம் நிறுத்தினார். பிறகு அடுத்ததை எடுத்தார்.

"ஜெயகாந்தன். அடையாள அட்டை சம்பந்தமா."

"அவன் அட்ட வரல வரலன்னு கொழும்புக்கே போயிட்டான் மிஸ்."

"தனுஷிகா. பாடசாலைப் புலமைப்பரிசில்."

தனுஷிகா யன்னலோரத்தில்தான் நின்றாள். பத்தொன்பது வயது. தலையில் கொழுந்துக் கூடையின் கயிறு.

மதுசூதனன் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "எத்தனையோ தரம் சொல்லியனுப்பினேன் மிஸ்," என்றார் ஈனக்குரலில். "ஆள் வரமாட்டாங்க. நானும் ஒருத்தன்தானே..." அவர் சொன்னது பொய் மாதிரியும் இல்லை, முழு உண்மை மாதிரியும் இல்லை.

இரண்டாவது கட்டின் நடுவில் ஒரு உறை இருந்தது. மற்றவற்றைப் போல அரசாங்க உறை இல்லை. ஷாமிலா முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தியாவிலிருந்து வந்திருக்கு. நீலகிரி, கூடலூர். ரெண்டாயிரத்துப் பத்தொன்பது." முகவரியை வாசித்தார். "ஜெயலெட்சுமி, மாரிமுத்து கங்காணி மகள், கீழ்க்கணக்கு, ஆனைக்கல் தோட்டம்."

வெளியே நின்ற பெண்கள் விலகி வழிவிட்டார்கள். ஜெயலெட்சுமி உள்ளே வந்தாள். காலில் செருப்பில்லை. வாசலில் எப்போது கழற்றினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அப்பாவும் அண்ணன் தங்கவேலுவும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அவர்களுக்கு அந்த நாட்டுக் கடவுச்சீட்டு கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. தாய் இல்லாத சின்னப் பிள்ளையை, இலங்கைப் பிரசாவுரிமை பெற்ற சித்தி வளர்த்தாள். 'ஆறு மாசத்துல வந்து கூட்டிட்டுப் போறேன்' என்று ரயிலடியில் அண்ணன் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அண்ணன் தன்னை மறந்துவிட்டார் என்றே இத்தனை காலமும் அவள் நம்பியிருந்தாள். அதைப் பற்றிப் பேசுவதைக்கூட எப்போதோ விட்டுவிட்டாள்.

உறையைப் பிரிக்க அவளுக்குக் கை வரவில்லை. தர்ஷிகா வாங்கிப் பிரித்தாள்.

"சத்தமா வாசி," என்றாள் ஜெயலெட்சுமி.

தர்ஷிகா வாசித்தாள்.

'தங்கச்சி லெச்சுமிக்கு அண்ணன் எழுதுவது. இது நாலாவது கடுதாசி. மூணுக்கும் நீ பதில் போடல. கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு வராததுல ஒனக்குக் கோவம் இருக்கும். அது நியாயம்தான். வந்த எடத்துல ரெண்டு வேளைக் கஞ்சிக்கே ரொம்ப நாள் கஷ்டப்பட்டோம். அப்பா கடைசி வரைக்கும் ஒன் பேரச் சொல்லிக்கிட்டே இருந்தாரு. கோவமா இருந்தாலும் பரவாயில்ல. உசுரோட இருக்கேன்னு ஒரு வரி எழுதிப் போடு. அது போதும் எனக்கு. கீழ என் மக போன் நம்பர் போட்டிருக்கேன்.'

ஜெயலெட்சுமி அழவில்லை. கடிதத்தை வாங்கி, எழுத்துகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அழுதது பொன்னையாதான். வெள்ளைச் சட்டையின் கையால் முகத்தை மூடிக்கொண்டு, "நான்தானே தூக்கியாந்தேன்," என்றார். "லெச்சுமி, அந்தப் பையில நான்தானே தூக்கியாந்தேன். என் தோள்லதானே கெடந்துச்சு." கொஞ்ச நேரம் கழித்து ஷாமிலாவுக்கு முன்னால் வந்து நின்றார். "மிஸ், நான் சொன்னது பொய். எழுதினத வெட்டிருங்க. பதிவுக் கடுதாசியோ வேற எதுவோ, நான் ஒன்னக்கூட பையில விட்டதில்ல. எல்லாத்தையும் இந்த மேசையிலதான் கொட்டுனேன்."

ஷாமிலா பேனாவை மூடி வைத்தார். தர்ஷிகாவை அருகில் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"தங்கச்சி, ஒளிக்காமச் சொல்றன். ஒங்கட அப்பா பிழைய ஏத்துக்கிட்டா இந்தக் கோப்ப இண்டைக்கே மூடி, ஒங்களுக்குத் திரும்ப நேர்முகத் தேர்வு வைக்கச் சொல்லி நான் சிபாரிசு எழுதலாம். கல்லூரிப் பட்டியல் இந்த மாசக் கடைசியில முடியுது. இந்த மூணு கட்டையும் சேர்த்தா, தபாலகமும் தோட்டமும் ரெண்டு பேரும் பதில் சொல்லணும். அதுக்கு மாசக்கணக்காகும். யார்ட பிழை எண்டு முடிவாகாம என்னால சிபாரிசு எழுத ஏலாது."

தர்ஷிகா கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த டீச்சர் கதிரை, அந்த வகுப்பறை, மேசையைச் சுற்றி நிற்கும் பிள்ளைகள். எல்லாம் ஒரு கையெழுத்துத் தூரத்தில் இருந்தன. இவ்வளவு பக்கத்தில் அவை ஒருநாளும் வந்ததில்லை.

"மூடச் சொல்லிரு பாப்பா," என்றார் பொன்னையா அவசரமாக. "வெட்ட வேணாம் மிஸ். நான் சொன்னது அப்படியே இருக்கட்டும். பாப்பா, நீ போய்ப் படி."

"எங்கப்பா மேல பிழைன்னு எழுதுனா நான் கையெழுத்துப் போட மாட்டேன் மிஸ்," என்றாள் தர்ஷிகா. "நான் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்ல. மூணு கட்டையும் சேத்துக்குங்க."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சா மனசு மாறிரும் மிஸ். இப்பவே எழுதிக்குங்க."

அப்போது ஜெயலெட்சுமி மேசைக்குப் பக்கத்தில் வந்தாள். காலையில் நாலு தடவை வேண்டாம் என்று சொன்னவள்.

"மிஸ், என் பேர்லயும் ஒரு முறைப்பாடு எழுதணும். எனக்குப் பேர் மட்டுந்தான் எழுத வரும். மத்தத மக எழுதட்டும்."

"என்னண்டு எழுத?"

"எங்கண்ணன் நாலு கடுதாசி போட்டாரு. இங்க ஒன்னுதான் இருக்கு. மிச்ச மூணும் எங்கன்னு கேட்டு எழுதுங்க."

யன்னலுக்கு வெளியே சலசலப்பு எழுந்தது. தனுஷிகா கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் அழகம்மாவின் மகள். வேறு இரண்டு பேர் வாசல் வரை வந்து, மதுசூதனனின் முகத்தைப் பார்த்துவிட்டு, நிறுக்கும் நேரமாகிவிட்டது என்று மடுவத்துக்குத் திரும்பினார்கள். அவர்களை யாரும் குறை சொல்லவில்லை.

ஷாமிலா மூன்று கட்டுகளையும் உறையிலிட்டு முத்திரை வைத்தார். ஜெயலெட்சுமியின் கடிதத்தைப் படம் எடுத்துக்கொண்டு, மூலத்தை அவளிடமே கொடுத்தார். அடுத்த மாதம் பன்னிரண்டாம் திகதி, இரு தரப்பும் நுவரெலியாவுக்கு வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். போகும்போது தர்ஷிகாவிடம் ஒரு தாளை நீட்டினார்.

"சிபாரிசு இல்ல இது. கடிதம் நேரத்துக்கு ஒங்கட கையில கிடைக்கல்ல, விசாரணை நடக்குது எண்டு மட்டும் எழுதியிருக்கிறன். கல்லூரி ஏத்துக்கிட்டாலும் ஏத்துக்கும், ஏத்துக்காமலும் விடும். நாளைக்கே கொண்டு போங்க. தபால்ல போடாதீங்க."

கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் கூசிப்போனார்.

*

மூன்று பேரும் சேர்ந்து இறங்கினார்கள். ஆபிஸ் வாசலைத் தாண்டும்போது மதுசூதனன் பொன்னையாவைக் கூப்பிட்டு, "நாளைக்குப் பை எடுக்க வராத. தொரை சொல்ற வரைக்கும் வீட்ல இரு," என்றிருந்தார். அதைப் பொன்னையா கோயில் வளைவு வரைக்கும் சொல்லவில்லை. சொன்னபோது ஜெயலெட்சுமி, "சரி, இருங்க," என்றாள். அவ்வளவுதான்.

கோயில் வளைவில்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். ஜெயலெட்சுமி நின்றாள்.

"அடி," என்றாள் மகளிடம்.

"அம்மா, ஆறு வருசத்து நம்பர். மாறியிருக்கலாம்."

"அடி புள்ள."

தர்ஷிகா கடிதத்தைப் பார்த்து எண்களை அழுத்தி, போனை அம்மாவின் காதில் வைத்தாள். மணி போனது. ஒன்று, இரண்டு, மூன்று. பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறிவந்து ரோட்டை மூடிக்கொண்டிருந்தது. பொன்னையா கொஞ்சம் தள்ளிப்போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஆறாவது மணியில் யாரோ எடுத்தார்கள். ஒரு இளம் பெண்ணின் குரல்.

"ஹலோ, யாருங்க?"

ஜெயலெட்சுமியின் வாய் திறந்தது. நாற்பது வருடம் சேர்த்து வைத்ததில் எதை முதலில் எடுப்பதென்று தெரியவில்லை.

"ஹலோ? யாருங்க பேசுறது?"

"நான்..." என்றாள். "நான் லெச்சுமி. சிலோன்லயிருந்து."

அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று தர்ஷிகா போனைப் பார்த்தாள். இல்லை, விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

பிறகு அந்தப் பெண், "அத்தையா?" என்றாள். "வச்சிராதீங்க அத்தை. தயவுசெஞ்சு வச்சிராதீங்க."

அவள் போனைக் கையில் பிடித்தபடி எங்கேயோ ஓடும் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு கதவு திறந்தது.